ஐம்பது நம்பரும் என் வீட்டு ஏழும்

என் தங்கை மகள் ஜெனிஃபர் பாண்டிச்சேரி டவுனில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். போன மாதம் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து என்னைப் பார்க்க வந்தவள், குழம்பு ஆறிப்போகிறது என்று நான் கத்தக் கத்த லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு ஃபாரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். என்னடி அது என்றேன். இன்டர்நெட்டில் ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு நம்பர் உண்டாம், விலாசம் மாதிரி. கம்பெனிகள் அதைக் கொத்தாகக் கேட்டு வாங்க வேண்டுமாம். இவள் கம்பெனிக்கு இருநூற்றைம்பத்தாறு வேண்டும். ஆனால் கேட்டவுடன் தந்துவிட மாட்டார்களாம்.

"இப்ப எத்தனை மெஷின் இருக்கு, எது எதுக்கு, ஆறு மாசத்துல எத்தனை வரும், ஒரு வருஷத்துல எத்தனை வரும், முன்ன வாங்கினத இன்னா பண்ணீங்கன்னு குடைஞ்சி குடைஞ்சி கேக்கறாங்க பெரியம்மா. பழைய நம்பரெல்லாம் தீந்து போச்சு. ஆரம்பத்துல கேட்டவங்களுக்கெல்லாம் லட்சக்கணக்குல அள்ளிக் குடுத்துட்டாங்க. அவங்கள்ல நிறைய பேரு சும்மா வெச்சிகினு உக்காந்திருக்காங்க. இப்ப நெஜமா வேணும்றவங்களுக்கு இல்ல."

எனக்குச் சிரிப்பு வந்தது. புரையேறும் அளவுக்குச் சிரித்தேன். அந்தக் கேள்விகள் அத்தனைக்கும் நாற்பது வருடத்துக்கு முன்பே பதில் எழுதி வாங்கியவள் நான். கேட்டவர்களுக்கு அள்ளிக் கொடுத்தவளும் நான்தான். விஷயத்தைச் சொன்னதும் "இத்த எழுதி வைங்க பெரியம்மா" என்று சொல்லிவிட்டு அவள் பஸ் ஏறிவிட்டாள். அதனால் எழுதுகிறேன்.

நான் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவள். வில்லியனூர்ப் பக்கம் ஒரு மாதா கோயில் கிராமத்தில் பிறந்து, அறுபதுகளின் கடைசியில் வேலைக்குச் சேர்ந்தேன். மூன்று மாதப் பயிற்சியில் கற்றுக்கொண்டது இரண்டே விஷயம்தான். ஒன்று, எந்தக் கோபக்காரனிடமும் "நம்பர் ப்ளீஸ்" என்று ஒரே குரலில் சொல்வது. இன்னொன்று, காதில் விழுந்ததை வாயில் விடாமல் இருப்பது. சில வருடம் டவுனில் ட்ரங்க் கால் போட்டுக்கொண்டிருந்தேன். பிறகு பாகூர் போகும் வழியில் ஒரு பெரிய கிராமத்தில் புதிதாக எக்ஸ்சேஞ்ச் திறந்தபோது, பொறுப்பாளராக என்னைப் போட்டார்கள். ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். இதில் வரும் மில்லுக்காரரின் பேரப்பிள்ளைகள் இன்றும் அங்கே கௌரவமாக இருக்கிறார்கள்.

எக்ஸ்சேஞ்ச் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஓட்டுக் கட்டடத்தில் ஓர் அறை, அதில் ஆள் உயரத்துக்கு ஒரு மரப் பலகை. பலகையில் ஐம்பது துளைகள், ஒவ்வொரு துளைக்கு மேலும் ரூபாய்க் காசளவில் ஒரு பித்தளை மூடி. ஒரு வீட்டில் போனின் கைப்பிடியைச் சுற்றினால் இங்கே அந்த நம்பரின் மூடி 'டக்'கென்று விழும். நான் ஒயரைச் சொருகி, யார் வேண்டுமென்று கேட்டு, அந்தத் துளையில் மறுமுனையைச் சொருகுவேன். அவ்வளவுதான். ஐம்பது துளை என்றால் ஐம்பது நம்பர். ஐம்பத்தொன்றாவது ஆள் வந்தால் கடவுளே வந்து கேட்டாலும் இடம் கிடையாது.

திறந்த புதிதில் ஐம்பத்தொன்றாவது ஆளைப் பற்றி யார் கவலைப்பட்டது? இருபது பேர் தேறவே திண்டாட்டமாக இருந்தது. பலகை பாதி காலியாகக் கிடந்தால் எக்ஸ்சேஞ்சையே வேறு ஊருக்கு மாற்றிவிடுவார்கள் என்று ஒரு பேச்சு அடிபட்டது. நான் சும்மா இருப்பேனா? சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கடை கடையாகப் போய் ஆள் பிடித்தேன். துணிக்கடை பாய்க்கு ஒன்று, உரக்கடைக்கு ஒன்று, கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசுக்கு இரண்டு, பாதர் பங்களாவுக்கு ஒன்று, இப்படியே நாற்பது நம்பர் போய்விட்டது. கடைசியாக மணிலா, அதாவது வேர்க்கடலை, எண்ணெய் ஆட்டும் மில்லுக்குப் போனேன். மில்லுக்காரருக்கு ஒரு போன் போதும். ஆனால் ஊரில் அவர் பெயர் பெரிது.

"எத்தினி பாக்கி இருக்குது?" என்று கேட்டார்.

"பத்துங்க. நாப்பத்தொண்ணுலருந்து அம்பது வரைக்கும்."

"அப்பிடியே வரிசையா எனக்குக் குட்த்துடு. லெட்டர்ல போட்டுக்கினா பாக்க லட்சணமா இருக்கும்."

நான் ஏன் எதற்கென்று கேட்கவில்லை. பலகை நிறைந்துவிட்ட சந்தோஷத்தில் ஓடி வந்து, ரிஜிஸ்டரில் பத்து வரியிலும் அவர் பெயரை என் முத்து முத்தான கையெழுத்தில், கறுப்பு மையால் எழுதினேன். மேலதிகாரி ஒருவர் வந்து பார்த்து, இந்த வட்டாரத்திலேயே முதலில் நிறைந்த பலகை உங்களுடையதுதான் என்று பாராட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. தினமும் காலையில் ஐம்பது மூடிகளையும் துணியால் தேய்த்துப் பளபளவென்று வைத்துக்கொள்வேன்.

மூன்று வருடம் கழித்துத்தான் கமாலுதீன் சார் எங்கள் பகுதி எக்ஸ்சேஞ்சுகளுக்கெல்லாம் அதிகாரியான எஸ்.டி.ஓ.வாக வந்தார். காரைக்கால்காரர். என்னைவிட ஏழெட்டு வயது சின்னவர், ஒடிசலாக இருப்பார். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. பஸ்ஸில்தான் வருவார். சட்டைப் பையில் ஒரு பென்சில், அதன் பக்கத்தில் ஒரு ரப்பர். முதல் நாளே என் ரிஜிஸ்டரைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இத முழுக்கப் பென்சில்ல திரும்ப எழுதிடுங்க ஸ்டெல்லாம்மா" என்றார்.

எனக்கு உச்சந்தலை வரை ஏறிவிட்டது. "ஏன் சார், எழுத்து நல்லா இல்லியா?"

"எழுத்து ரொம்ப நல்லா இருக்கு. ஆனா நம்பரு யாருக்கும் சொந்தமில்ல. வேலை இருக்கற வரைக்கும் அவங்ககிட்ட இருக்கும், அப்புறம் இன்னொருத்தர்கிட்ட போவும். குடியிருக்கறவங்க பேர மையில எழுதினா, நாளைக்கு அவங்க பட்டா கேப்பாங்க."

நேற்று வந்தவர் எனக்குப் பாடம் எடுக்கிறாரே என்று ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். ஆனாலும் எழுதினேன், ஐம்பது வரியையும்.

அவருடைய முறை இதுதான். யாராவது நம்பர் கேட்டு மனுக் கொடுத்தால், "எதுக்கு?" என்று கேட்பார். பதில் சொன்னால் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, மறுபடியும் "எதுக்கு?" என்பார். இரண்டாவது தடவை வரும் பதில்தான் நிஜமான பதில் என்பது அவர் கணக்கு. அதோடு ஒரு தாளில் மூன்று கட்டம் போடச் சொல்வார். இன்றைக்கு எத்தனை, ஆறு மாதத்தில் எத்தனை, ஒரு வருடத்தில் எத்தனை. ஒவ்வொரு நம்பருக்கும் நேரே, அது எந்த மேசையில் இருக்கும், அந்த மேசையில் யார் உட்காருவார் என்று பெயர் வேண்டும். பெயர் இல்லாத மேசைக்கு நம்பர் இல்லை. கூட்டுறவு சொசைட்டிக்காரர்கள் நான்கு கேட்டு வந்தார்கள். மூன்றாவது மேசைக்கு யார் என்று கேட்டதும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு போதும் என்று அவர்களே திருத்தி எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அந்த இரண்டும்கூட யாராவது ஊரைவிட்டுப் போய் நம்பர் காலியானால்தான் கிடைக்கும். பெரிய பலகை கேட்டு மேலே எழுதியிருந்தோம். வரிசையில் எங்கள் ஊர் எங்கேயோ கடைசியில் நின்றது.

அப்படிக் காத்திருந்தவர்களில் ஒருவர் மெஹருன்னிசா. எங்கள் எக்ஸ்சேஞ்சிலிருந்து இரண்டு மைலில், ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் இருந்த பிரசவ விடுதியின் நர்ஸ். சுற்றுப்பட்டு ஏழெட்டுக் கிராமத்துக்கு அவர்தான் எல்லாம். பிரசவத்தில் சிக்கல் என்றால் டவுன் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து வேன் வரவழைக்க வேண்டும். போன் இல்லாததால் யாராவது சைக்கிளில் என்னிடம் ஓடி வரவேண்டும். வருடம் ஒன்றுக்கு மேலாக அவருடைய மனு என் மேசையில் இருந்தது. இடமில்லை, இடமில்லை என்று நானும் ஒவ்வொரு தடவையும் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

ஐப்பசி மழையில் ஒரு நாள் மத்தியானம் முருகையன் என்ற நடவு வேலைக்காரர் சொட்டச் சொட்ட வந்து நின்றார். கரை ரோட்டில் முழங்காலளவு தண்ணீர், சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார். "எம் பொஞ்சாதிக்கு ரத்தம் நிக்கல. நர்ஸம்மா வேன் கேட்டாங்க" என்றார். குளிரில் பல் கிட்டித்துப்போய் இதைச் சொல்லி முடிக்கவே திணறினார். நான் இரண்டு நிமிடத்தில் டவுனைப் பிடித்தேன். வேனும் உடனே கிளம்பியது. ஆனால் அந்த மனிதர் என்னிடம் வந்து சேரவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவர் மனைவி அஞ்சலை பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை.

மறுநாள் மெஹருன்னிசா எக்ஸ்சேஞ்சுக்கு வந்தார். சண்டை போடுவார் என்று நினைத்தேன், போடவில்லை. பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அக்கா, இந்த மூடிங்க எல்லாம் மங்கிக் கெடக்குது. கடைசி வரிசைல இருக்கறது மட்டும் புதுசா மின்னுது. இன்னா அது?"

நான் திரும்பிப் பார்த்தேன். நாற்பத்தைந்திலிருந்து ஐம்பது வரை ஆறு மூடிகள் தகதகவென்றிருந்தன. மற்றவை ஒரு நாளைக்கு இருபது தடவை விழுந்து, என் விரல் பட்டுப் பட்டுக் கறுத்திருந்தன. இந்த ஆறும் விழுவதே இல்லை, நான் தேய்த்த மெருகு அப்படியே இருந்தது. தினமும் காலையில் அதைத் தேய்த்தவள் நான். என் கண்ணுக்கு அது மெருகாகத்தான் தெரிந்ததே தவிர, சும்மா கிடக்கிறது என்று படவே இல்லை. அந்த நிமிடம் எனக்கு ஏற்பட்ட வெட்கத்தை இன்றைக்கும் மறைக்க மாட்டேன். பலகையை நிறைத்தேன் என்று ஊரெல்லாம் பெருமை அடித்துக்கொண்டவள், குறை ஆயுசில் போன அந்தப் பிள்ளையின் முன்னால் என்ன சொல்வேன்?

அன்றே எஸ்.டி.ஓ. சாருக்குப் போன் செய்து, பத்து நம்பரைக் கேள்வி கேட்காமல் தூக்கிக் கொடுத்தது நான்தான் என்று சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை. மறுநாள் காலை பஸ்ஸில் வந்து இறங்கினார்.

"மில்லு நடக்கற நேரமா பாத்து, ஒவ்வொரு நம்பரா கூப்புடுங்க. யாரு எடுக்கறா, எவ்ளோ நேரத்துல எடுக்கறான்னு மட்டும் எழுதிக்குவோம்."

நாற்பத்தொன்றில் கணக்குப்பிள்ளை எடுத்தார். நாற்பத்திரண்டில் மில்லுக்காரரின் வீட்டம்மா. நாற்பத்துமூன்று கிடங்கு, நாற்பத்துநான்கு எடை மேடை. நியாயமான நான்கு. நாற்பத்தைந்தை அடித்தேன். ரொம்ப நேரம் கழித்து யாரோ மூச்சிரைக்க எடுத்தார். அதே கணக்குப்பிள்ளை! நாற்பத்தாறு, மறுபடியும் அவரே. நாற்பத்தேழை அடித்ததும், "யம்மா, எதுக்கும்மா இப்பிடி ஓட வுட்றே? வயசானவன்மா நானு" என்று அழாத குறையாகச் சொன்னார். கமாலுதீன் சார் சிரிக்காமல் எழுதிக்கொண்டார். நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

இருவரும் மில்லுக்குப் போனோம். ஆபீசுக்குப் பின்னால் வருகிறவர்கள் உட்காரும் கூடத்தில், வெல்வெட் விரித்த மேசைமேல் ஆறு போன்கள் வரிசையாக இருந்தன. கிறிஸ்துமஸ் குடிலில் சொரூபம் அடுக்கின மாதிரி. அந்த மேசைக்கு நாற்காலியே இல்லை.

மில்லுக்காரர் கலர் சோடா உடைத்துக் கொடுத்தார். சார் விஷயத்தைச் சொன்னார். பிரசவ விடுதிக்கு ஒரு நம்பர் வேண்டும், இந்த ஆறில் ஒன்றை இப்போதே விட்டுக்கொடுத்தால் நல்லது.

"குட்த்தது குட்த்ததுதான் சார். லெட்டர் அச்சடிச்சிட்டேன். போர்டுல எழுதிட்டேன். நம்பரு எஞ் சொத்து."

"சொத்து இல்லீங்க" என்றார் சார் மெதுவாக. "ரிஜிஸ்டர்ல உங்க பேரு பென்சில்லதான் இருக்கு. நோட்டீஸ் குடுத்து எடுக்கலாம். ஆனா அதுக்கு மாசக்கணக்குல ஆவும். அந்தம்மாவுக்கு அவ்ளோ நாள் கிடையாது."

மில்லுக்காரர் சாரை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். மனிதர் கெட்டவர் இல்லை, ரோஷக்காரர்.

"ஏம்மா, என்ன கேக்க வந்துட்டியே. ஒன் வூட்ல ஏழாம் நம்பரு இருக்குதே, அது எதுக்கு? எக்ஸ்சேஞ்சுக்கும் ஒன் வூட்டுக்கும் முப்பது அடி இருக்குமா? அங்க யாரு ஒனக்குப் போன் பண்றா?"

அவர் சொன்னது நிஜம்தான். பொறுப்பாளர் என்பதற்காக வீட்டில் ஒரு போன் கொடுத்திருந்தார்கள். இயேசுவின் திரு இருதயப் படத்துக்குக் கீழே, நானே குரோஷா பின்னிய துணி போட்டு வைத்திருந்தேன். விருந்தாளிகள் வந்தால் துணியை எடுத்துவிடுவேன். பலகையில் கோளாறு என்றால் வாசலில் நின்று கூப்பிட்டாலே எனக்குக் கேட்கும். அதில் உருப்படியாக ஒரு கால் வந்ததாக எனக்கு நினைவில்லை. பலகையில் ஏழாம் மூடியும் அந்த ஆறைப் போலவே மின்னிக்கொண்டுதான் இருந்தது, நாங்கள்தான் கவனிக்கவில்லை. அவருக்கு ஆறு, எனக்கு ஒன்று, அவ்வளவுதான் வித்தியாசம்.

சார் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்காகப் பரிந்தும் பேசவில்லை, விட்டுக்கொடுத்தும் பேசவில்லை. திரும்பி நடந்து வந்தோம். எக்ஸ்சேஞ்ச் படி ஏறும்போது நானே சொன்னேன்.

"சார், ஏழ எடுத்துக்குங்க."

"எதுக்கு?"

"நர்ஸம்மாவுக்கு."

எனக்குத் தெரியும், மறுபடியும் கேட்பார் என்று.

"எதுக்கு ஸ்டெல்லாம்மா?"

"எனக்குத் தேவையில்ல சார்."

"அத அப்பிடியே ஃபாரத்துல எழுதுங்க."

திருப்பிக் கொடுக்கும் படிவத்தில் 'காரணம்' என்று ஒரு கட்டம் இருக்கும். எத்தனையோ பேருக்கு நான் பூர்த்தி செய்து கொடுத்திருக்கிறேன். ஊர் மாற்றம், கடை மூடல் என்று ஏதாவது எழுதுவோம். 'தேவையில்லை' என்று அதுவரை யாரும் எழுதியதில்லை. நான் எழுதினேன். சார் பையிலிருந்து ரப்பரை எடுத்து மேசைமேல் வைத்தார். ஏழாம் வரியில் இருந்த என் பெயரை நானே அழித்தேன். பென்சிலில் எழுதச் சொன்னதற்காக ஒரு வாரம் கோபித்துக்கொண்டவள், அன்றைக்குப் பென்சில் என்பதால்தான் பிழைத்தேன். ஒரு நிமிட வேலையாக முடிந்துவிட்டது.

லைன்மேன் கோவிந்து அன்று சாயங்காலமே என் வீட்டுப் போனைக் கழற்றினார். மறுநாள் காலை அந்தக் கறுப்புப் பெட்டியைச் சைக்கிள் கேரியரில் கட்டி, ஒயர்ச் சுருளைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கிளம்பினார். ஏரிக்கரைக்குப் போக மில் வாசலைத் தாண்டித்தான் போகவேண்டும். அங்கே மில்லுக்காரர் நிறுத்தி, யார் வீட்டுப் போன் என்று விசாரித்திருக்கிறார். கோவிந்துக்கு வாய் கொஞ்சம் நீளம். "ஸ்டெல்லாம்மா வூட்டுதுங்க. தேவையில்லன்னு எழுதிக் குட்த்துட்டாங்க" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். லோடு ஏற்ற வந்த அத்தனை வண்டிக்காரர்களும் கேட்டிருக்கிறார்கள்.

மில்லுக்காரரிடமிருந்து பத்து நாளில் கடிதம் வந்தது. நோட்டீஸே அனுப்பவில்லை நாங்கள். அழகாக அச்சடித்த அந்த லெட்டர் தாளில், மேலே இருந்த 41-50 என்பதில் ஐம்பதைப் பேனாவால் அடித்து நாற்பத்துநான்கு என்று அவரே திருத்தியிருந்தார். ஆறு நம்பர் விடுபட்டது. காத்திருந்த சொசைட்டிக்கு இரண்டு, மாட்டு ஆஸ்பத்திரிக்கு ஒன்று, ஏரி மதகுக் காவலுக்கு ஒன்று. மிச்சம் இரண்டையும் யாருக்கும் கொடுக்காமல் அவசரத்துக்கென்று வைத்தோம். என் வீட்டுக்குப் போன் திரும்ப வரவில்லை. நானும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு நான் வேலை பார்த்த இடங்களில், 'எதுக்கு' என்று இரண்டு தடவை கேட்காமல் ஒரு நம்பரும் என் கையைவிட்டுப் போனதில்லை. பெரிய பெரிய ஆட்களெல்லாம் என்னிடம் வந்து மூன்று கட்டத்தைப் பூர்த்தி செய்திருக்கிறார்கள். பதவி உயர்வு, பாராட்டுக் கடிதம் எல்லாம் வந்தன. பெட்டிக்குள்தான் இருக்கின்றன.

ஏழாம் மூடி முதல் தடவை விழுந்தபோது நான்தான் பலகையில் இருந்தேன். "நம்பர் ப்ளீஸ்" என்றேன். "ஒண்ணுமில்லக்கா, பேசுதான்னு பாத்தேன்" என்றார் மெஹருன்னிசா. அந்த வாரத்திலேயே நிஜமாகவும் விழுந்தது. டவுன் ஆஸ்பத்திரியைச் சேர்த்துக் கொடுத்து, வேன் கிளம்பியது என்ற சொல் காதில் விழும்வரை ஒயரைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். அதற்கப்புறம் எத்தனை தடவை என்று எண்ணியதில்லை. இரண்டு வருடம் கழித்து ஒரு மத்தியானம் ஏழு விழுந்தது. எடுத்தேன். "டவுன் வேணாங்க்கா, ஒங்ககிட்டதான். அஞ்சலைக்குப் பொண்ணு பொறந்திருக்குது. அழுவறது கேக்குதா?" என்றார். கேட்டது. நன்றாகக் கேட்டது.

அந்த ஊரில் இருந்த வரைக்கும் காலையில் பலகையைத் தேய்க்கும் வழக்கத்தை நான் விடவில்லை. ஏழாம் மூடியும் நாளாக ஆகக் கறுத்து, மெருகு முழுக்கப் போய்விட்டது. துணி அங்கே வந்ததும் தாண்டி எட்டுக்குப் போய்விடுவேன். அதை நான் தேய்க்கவே இல்லை.